காதுக்கு ‘மலகோ’, கைக்கு ‘மொலொகோ’
வாசகர் கேள்வி – பதில்: ரஷ்ய மொழியில் பிழையில்லாமல் எழுத

இந்த முறை வந்திருக்கும் கேள்விகள் எல்லாம் ரஷ்ய மொழியில் செய்தியும் மின்னஞ்சலும் எழுதப் பழகுகிறவர்களிடமிருந்து வந்தவை. ரஷ்யாவில் மருத்துவம் படிப்பவர்கள், சென்னை ரஷ்ய மையத்தில் மொழி பயில்பவர்கள், வேலைக்காகக் கற்பவர்கள் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். ரஷ்யச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே காட்டியிருக்கிறோம். ‘எழுத்தில்’ என்று குறித்தால் அது ரஷ்யர்கள் எழுதும் எழுத்துக்கூட்டு. ‘பேச்சில்’ என்று குறித்தால் காதில் விழுவது.

பேசினால் புரிகிறது என்கிறார்கள். ஆசிரியைக்கு நான் எழுதிய ஒரு வரிச் செய்தியில் மட்டும் பல பிழைகள் இருப்பதாகச் சொன்னார்கள். வரி இதுதான்: “ஸ்த்ராஸ்த்வுய்த்யெ அன்னா பெத்ரோவ்னா யா அபஸ்தாயு நா 10 மினூத் பதமூஷ்தோ அவ்தோபுஸ் நெப்ரிஷோல்.” (வணக்கம், 10 நிமிடம் தாமதமாக வருவேன், பேருந்து வரவில்லை.) எங்கே தவறு?
— மருத்துவ மாணவி, கஸான்

நீங்கள் கேட்டபடியே எழுதியிருக்கிறீர்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது. திருத்திய வரி இது:

“ஸ்த்ராவ்ஸ்த்வுய்த்யெ, அன்னா பெத்ரோவ்னா! யா ஒபொஸ்தாயு நா 10 மினூத், பொதொமூ ச்தோ அவ்தோபுஸ் நெ ப்ரிஷோல்.”

முதல் சொல்லில் நடுவே ஒரு ‘வ்’ உண்டு. பேச்சில் அது கேட்காது, எழுத்தில் விடக்கூடாது. அடுத்து, விளிக்கும் பெயருக்கு முன் காற்புள்ளி, வணக்கம் முடிந்ததும் உணர்ச்சிக்குறி. ‘பொதொமூ ச்தோ’ (ஏனென்றால்) இரண்டு சொல், அதற்கு முன்னும் காற்புள்ளி வேண்டும். ‘நெ’ என்ற எதிர்மறைச் சொல் வினையோடு ஒட்டாது, தனியாகத்தான் நிற்கும். ‘வெறு’ என்று பொருள்படும் ‘நெனாவிதெத்’ போல ‘நெ’ இல்லாமல் வழங்காத சில வினைகள் மட்டுமே விலக்கு.

கவனிக்க வேண்டிய பெரிய பிழை ‘அபஸ்தாயு’. ரஷ்ய மொழியில் அழுத்தம் விழாத ‘ஒ’ பேச்சில் ‘அ’ போல ஒலிக்கும். பால் என்பது எழுத்தில் ‘மொலொகோ’, பேச்சில் ‘மலகோ’. கடைசி அசையில் அழுத்தம் இருப்பதால் அது மட்டும் ‘ஓ’வாகவே கேட்கிறது. ஆகவே ‘அ’ காதில் விழுந்தால் அது ‘அ’வா ‘ஒ’வா என்று காதால் சொல்ல முடியாது. அந்த வேரிலிருந்து பிறந்த வேறு சொல் ஒன்றைத் தேடி, அழுத்தத்தைச் சந்தேகமான அசைக்கு நகர்த்திப் பாருங்கள். தண்ணீர் பேச்சில் ‘வதா’. அதன் பன்மை ‘வோதி’, அழுத்தம் முதல் அசையில் விழுந்து ‘ஓ’ தெளிவாகிறது. எனவே எழுத்தில் ‘வொதா’. புல் பேச்சில் ‘த்ரவா’, பன்மை ‘த்ராவி’. எனவே அங்கே ‘அ’தான்.

உங்கள் வினைக்குச் சோதனைச் சொல் ‘போஸ்த்னொ’ (தாமதமாக). ‘போ’ என்று வருவதால் ‘ஒபொஸ்தாயு’. இங்கே ஒரு பொறி இருக்கிறது. இதே வேரிலிருந்து வரும் தொடர்வினை ‘ஒபாஸ்திவத்’தில் ‘பா’ என்று அழுத்தமாகவே கேட்கும். அதை வைத்துச் சோதித்தால் தவறாகிவிடும். இப்படி ‘-இவத்’ என்ற விகுதி சேரும்போது வேரின் ‘ஒ’ பல வினைகளில் ‘ஆ’வாக மாறுவது வழக்கம். அதனால் அந்த வகை வினையைச் சோதனைச் சொல்லாக எடுக்கவே கூடாது.

எந்த உறவுச் சொல்லும் உதவாத சொற்களும் உண்டு. ‘மொலொகோ’, ‘ஸொபாகா’ (நாய்), ‘கொரோவா’ (பசு), ‘வொக்ஸால்’ (ரயில் நிலையம்) போன்றவற்றை ரஷ்யப் பள்ளிக் குழந்தைகளே பட்டியலிட்டு மனப்பாடம் செய்கிறார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். ‘ஸொபாகா’வுக்கு இன்னொரு வேலையும் உண்டு: மின்னஞ்சல் முகவரியில் நடுவே வரும் சுழிக்குறியை ரஷ்யர்கள் நாய் என்றுதான் சொல்வார்கள்.

தினமும் எழுத வேண்டிய மூன்று சொற்களை இன்றே பழகுங்கள். ‘தயவுசெய்து’ எழுத்தில் ‘பொஜாலுய்ஸ்தா’, பேச்சில் ‘பஜாலுஸ்தா’. ‘இன்று’ எழுத்தில் ‘ஸெகோத்ன்யா’, பேச்சில் ‘ஸிவோத்ன்யா’. ‘போய் வருகிறேன்’ என்பதற்கான ‘தொ ஸ்விதானியா’ இரண்டு சொல், சேர்த்து எழுதுவது பிழை.

க, த, ப வரும் சொற்களில் எந்த ரஷ்ய எழுத்தைப் போடுவது என்று குழம்புகிறேன். ரஷ்யர்களுக்கும் இந்தக் குழப்பம் உண்டா?
— மொழி மாணவர், சென்னை

உண்டு, ஆனால் காரணம் வேறு. நம் எழுத்தில் ‘பம்பரம்’ என்ற சொல்லின் இரண்டு ப-வும் ஒன்றுதான், ஒலி இரண்டு. ‘தந்தம்’ சொல்லின் இரண்டு த-வும் அப்படியே. ரஷ்ய மொழியில் இவற்றுக்குத் தனித்தனி எழுத்துகள் உள்ளன. ஆகவே ரஷ்யச் சொல்லைத் தமிழில் குறித்து வைத்துப் படிக்காதீர்கள். நாங்கள் இங்கே தமிழில் காட்டுவது விளக்கத்துக்காக மட்டுமே. உங்கள் குறிப்பேட்டில் முதல் நாளிலிருந்தே ரஷ்ய எழுத்துதான் இருக்க வேண்டும்.

ரஷ்யர்களுக்கு வரும் குழப்பம் சொல்லின் கடைசியில். அங்கே அதிர்வுள்ள மெய் அதிர்விழந்து ஒலிக்கும். ஆண்டைக் குறிக்கும் ‘கோத்’ சொல்லின் கடைசி மெய் ‘தந்தம்’ சொல்லின் முதல் த போலக் கேட்கும். பின்னால் ஓர் உயிரைச் சேர்த்துப் பாருங்கள்: ‘கோதி’ (ஆண்டுகள்). இப்போது இரண்டாவது த-வின் ஒலி வெளிப்படுகிறது. அந்த எழுத்தைத்தான் எழுத வேண்டும். ரொட்டியைக் குறிக்கும் ‘ஹ்லேப்’ சொல்லுக்கும் இதே வழி: ‘ஹ்லேபா’ என்று வேற்றுமை ஏற்றினால் பம்பரத்தின் இரண்டாவது ப கேட்கும்.

‘ஊச்சித்ஸா’ (படிக்கிறான்), ‘உச்சீத்ஸா’ (படிக்க) போன்ற வினைகளில் மென்குறி (மெய்யை மென்மையாக்கும் ь எழுத்து) எப்போது வரும்? ரஷ்ய நண்பர்களே தவறாக எழுதுகிறார்கள்.
— மென்பொருள் பணியாளர், கோவை

ரஷ்ய மொழியிலேயே மிகவும் பேசப்படும் எழுத்துப்பிழை இதுதான். மென்குறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த ஈறு ஒரே மாதிரி ‘த்ஸா’ என்று ஒலிப்பதுதான் காரணம். பள்ளியில் சொல்லித்தரும் சோதனை: வினையை நோக்கிக் கேள்வி கேளுங்கள். ‘என்ன செய்கிறான்?’ என்றால் மென்குறி இல்லை. ‘என்ன செய்ய?’ என்றால் மென்குறி உண்டு. ரஷ்யக் கேள்விச் சொல்லிலேயே மென்குறி இருக்கும், அது அப்படியே வினைக்கும் வந்துவிடும்.

தமிழ் தெரிந்தவர்களுக்கு இது இன்னும் எளிது. மொழிபெயர்த்துப் பாருங்கள். ‘அவன் கஸானில் படிக்கிறான்’: மென்குறி இல்லை. ‘அவன் படிக்க விரும்புகிறான்’: ‘படிக்க’ என்று வந்துவிட்டது, மென்குறி உண்டு. ‘திரும்ப வேண்டும்’: உண்டு. ‘நாளை திரும்புவான்’: இல்லை.

இந்தச் சோதனை ஓர் இடத்தில் கைவிடும். ‘நான் படிப்பேன்’ என்பதை ரஷ்யர்கள் ‘யா பூது உச்சீத்ஸா’ என்பார்கள். ‘பூது’வுக்குப் பின் வருவது எப்போதும் ‘செய்ய’ வடிவம்தான், ஆகவே மென்குறி போட வேண்டும். மறுபக்கம், ‘எனக்குப் பிடிக்கிறது’ (ம்ன்யே ந்ராவித்ஸா), ‘தோன்றுகிறது’ (காஜெத்ஸா) ஆகியவற்றில் செய்பவர் யார் என்று தெரியாமல் பலர் மென்குறி போட்டுவிடுகிறார்கள். இரண்டும் ‘என்ன செய்கிறது?’ வகை, மென்குறி கூடாது.

முன்னிலை ஒருமையில் ‘ஷ்’ என்று முடியும் வினைகளில் (‘நீ அறிவாய்’ – ‘தீ ஸ்னாயெஷ்’) மென்குறி எப்போதும் உண்டு. அங்கே யோசிக்கவே வேண்டாம்.

காற்புள்ளி எங்கே போடுவது? மூச்சு விடும் இடத்தில் போட்டால் போதும் என்று நினைத்தேன். ஆசிரியர் பாதியை அடித்துவிட்டு, நான் நினைக்காத இடங்களில் புதிதாகப் போட்டிருக்கிறார்.
— மாணவர், வொல்காகிராத்

ரஷ்யக் காற்புள்ளி இலக்கணத்துக்கு உரியது. மூச்சோடு அதற்குத் தொடர்பில்லை. ஒரே மூச்சில் சொல்லும் வாக்கியத்தில் மூன்று காற்புள்ளி இருக்கலாம், நீங்கள் நின்று மூச்சுவிடும் இடத்தில் ஒன்றுகூட இல்லாமலும் போகலாம்.

முதலில் துணைவாக்கியம். ‘அவன் வருவான் என்று எனக்குத் தெரியும்’ என்பதில் ‘என்று’ எல்லாவற்றையும் கட்டிவிடுகிறது, தமிழில் குறி தேவையில்லை. ரஷ்யத்தில் “யா ஸ்னாயு, ச்தோ ஓன் ப்ரித்யோத்”. ‘ச்தோ’வுக்கு முன் காற்புள்ளி கட்டாயம். ‘எஸ்லி’ (-ஆல்), ‘கொக்தா’ (-போது), ‘ச்தோபி’ (-வதற்காக) ஆகியவை தொடங்கும் துணைவாக்கியத்துக்கும் அப்படியே. துணைவாக்கியம் முன்னால் வந்தால் அது முடியும் இடத்தில் காற்புள்ளி.

‘கொதோரிய்’ என்னும் சொல்லில்தான் அதிகம் வழுக்கும். ‘நான் தங்கியிருக்கும் வீடு பழையது’ என்பதை ரஷ்யர்கள் “தோம், வ் கொதோரொம் யா ஜிவூ, ஸ்தாரிய்” என்று எழுதுவார்கள். காற்புள்ளி ‘கொதோரொம்’ சொல்லுக்கு முன் இல்லை, அதற்கும் முன்னால் நிற்கும் ‘வ்’ என்ற இடைச்சொல்லுக்கு முன். இரண்டாவது பிழை, வேலியின் மறுபக்கத்தை மூட மறப்பது. ‘ஜிவூ’வுக்குப் பின் வரும் காற்புள்ளியைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள்.

இனி எச்சங்கள். ‘செய்தியைப் படித்துவிட்டு அவன் பதில் எழுதினான்’ என்பதில் ‘படித்துவிட்டு’ வினையெச்சம். ரஷ்யத்திலும் அதற்கு நிகரான வடிவம் உண்டு: “ப்ரொச்சிதாவ் ஸொஒப்ஷேனியெ, ஓன் ஒத்வேதில்”. அந்தத் தொடர் எங்கே வந்தாலும் காற்புள்ளியால் பிரிக்க வேண்டும். பெயரெச்சத்துக்கு நிகரான தொடர் வேறு மாதிரி. பெயருக்கு முன்னால் வந்தால் காற்புள்ளி இல்லை, பின்னால் வந்தால் இருபுறமும் வேண்டும். நம் பெயரெச்சம் எப்போதும் பெயருக்கு முன்னால்தான் வருகிறது. அதனால் தமிழ்ப் பழக்கத்தில் எழுதினால் முதல் வகையில் பிழை வராது, இரண்டாவது வகையில் கட்டாயம் வரும்.

‘ஆனால்’ என்ற பொருளில் வரும் ‘அ’, ‘நோ’ ஆகிய சொற்களுக்கு முன் காற்புள்ளி போடுங்கள், தயங்க வேண்டாம். ‘இ’ (உம்) மட்டும் பார்த்துப் போட வேண்டியது. “யா ப்ரிஷோல் இ ஸேல்” (வந்து உட்கார்ந்தேன்): ஒரே எழுவாய், இரண்டு வினை, காற்புள்ளி இல்லை. “லேக்த்ஸியா ஸகோன்ச்சிலஸ், இ மீ பொஷ்லீ தொமோய்” (வகுப்பு முடிந்தது, நாங்கள் வீட்டுக்குப் போனோம்): எழுவாய் இரண்டு, காற்புள்ளி உண்டு.

இடைப்பிறவரல் சொற்கள் தனி வகை. ‘கொன்யேச்னொ’ (நிச்சயமாக), ‘நவேர்னொயெ’ (ஒருவேளை), ‘க் ஸொஜலேனியு’ (வருந்தத்தக்க வகையில்), ‘மோஜெத் பீத்’ (இருக்கலாம்) ஆகியவை காற்புள்ளியால் பிரிக்கப்படும். பார்ப்பதற்கு இவற்றைப் போலவே இருந்து ஏமாற்றும் சொற்களும் உண்டு: ‘தாஜெ’ (கூட), ‘வ்த்ரூக்’ (திடீரென்று), ‘வேத்’ (அல்லவா), ‘ப்ரிமேர்னொ’ (ஏறத்தாழ). இவற்றை இடைப்பிறவரலாக எண்ணிக் காற்புள்ளிக்குள் அடைக்கக் கூடாது.

உங்கள் ஆசிரியர் அடித்தவற்றுள் பெரும்பாலானவை ஆங்கிலப் பழக்கத்தில் வந்தவையாக இருக்கும். ‘இன்று’, ‘வகுப்புக்குப் பிறகு’ என்று தொடங்கியதும் ஆங்கிலத்தில் காற்புள்ளி போடுவார்கள். ரஷ்யத்தில் “ஸெகோத்ன்யா யா நெ ப்ரிதூ” (இன்று வரமாட்டேன்) என்பது ஒரே ஓட்டம். நடுவில் எதுவும் இல்லை.

மடிக்கணினியில் ரஷ்ய விசைப்பலகையை மாற்றினால் காற்புள்ளி இருந்த இடத்தில் வேறு எழுத்து வருகிறது. கைபேசியில் வன்குறியே (ъ எழுத்தே) இல்லை.
— வாசகர், மதுரை

விண்டோஸ் ரஷ்ய விசைப்பலகையில் முற்றுப்புள்ளியும் காற்புள்ளியும் ஒரே விசையில், வலப்பக்க ஷிஃப்ட்டுக்கு இடப்பக்கத்தில் ஒட்டியிருக்கும். சும்மா அழுத்தினால் முற்றுப்புள்ளி, ஷிஃப்ட்டோடு அழுத்தினால் காற்புள்ளி. வினாக்குறி ஷிஃப்ட் 7, முக்காற்புள்ளி ஷிஃப்ட் 6, அரைப்புள்ளி ஷிஃப்ட் 4, இரட்டை மேற்கோள் ஷிஃப்ட் 2. எண்ணைக் குறிக்கும் № ஷிஃப்ட் 3. ‘யோ’ எழுத்து எஸ்கேப் விசைக்குக் கீழே, இடது மேல் மூலையில். நீள்கோட்டுக்கு ஆல்ட்டை அழுத்திக்கொண்டு எண் பலகையில் 0151. « தொடங்க 0171, » முடிக்க 0187.

கைபேசியில் மென்குறியை அழுத்திப் பிடியுங்கள், வன்குறி மேலே வரும். ‘யெ’ எழுத்தை அழுத்திப் பிடித்தால் ‘யோ’. சிறுகோட்டை அழுத்திப் பிடித்தால் நீள்கோடு.

ஆங்கில எழுத்தை அடித்தால் ரஷ்ய எழுத்து வரும் ஒலிப்புமுறைப் பலகையும் உண்டு. தொடக்கத்தில் வசதியாக இருக்கும். ஆனால் அது ஒலியை நம்பி அடிக்கும் பழக்கத்தை வளர்க்கிறது, முதல் கேள்வியில் பார்த்த பிழைகள் எல்லாம் அங்கிருந்தே பெருகும். ரஷ்யர்கள் பயன்படுத்தும் பலகையையே பழகுங்கள் என்பது எங்கள் உறுதியான கருத்து.

‘யோ’ எழுத்தின் இரண்டு புள்ளிகளைப் போடாவிட்டால் பிழையா?
— வாசகி, திருநெல்வேலி

பொதுவான எழுத்தில் பிழையாகக் கொள்வதில்லை. நாளிதழ்களே பெரும்பாலும் ‘யெ’ என்றே அச்சிடுகின்றன. குழந்தைகள் நூலிலும் மொழி கற்பவர்களுக்கான நூலிலும் புள்ளிகள் வேண்டும். பொருள் மாறும் இடத்திலும் வேண்டும்: ‘வ்ஸே’ என்றால் எல்லோரும், ‘வ்ஸ்யோ’ என்றால் எல்லாம். கற்கும் காலத்தில் எப்போதும் போடுங்கள், ‘யோ’ வரும் அசையில்தான் ஏறத்தாழ எப்போதும் அழுத்தமும் விழும் என்பதால் உச்சரிப்புக்கும் துணை. 1783-இல் முன்மொழியப்பட்டு 1795-இல் முதன்முதலாக அச்சேறிய எழுத்து இது. உல்யானவ்ஸ்க் நகரில் இதற்கு நினைவுக்கல்லே நட்டிருக்கிறார்கள்.

நீள்கோடு, சிறுகோடு இரண்டுக்கும் வேறுபாடு உண்டா?
— மொழிபெயர்ப்பாளர், புதுச்சேரி

நிறைய உண்டு. ‘மாஸ்கோ ரஷ்யாவின் தலைநகர்’ என்று நாம் ‘ஆகும்’ இல்லாமலே சொல்கிறோம். ரஷ்யர்களும் அப்படியே, வினை இல்லை. ஆனால் இரண்டு பெயர்ச்சொற்கள் இப்படி நேருக்கு நேர் நிற்கும்போது நடுவில் நீள்கோடு போடுவார்கள்: “மொஸ்க்வா — ஸ்தொலீத்ஸா ரொஸ்ஸீயி”. இருபுறமும் ஓர் இடைவெளி. எழுவாய் ‘நான்’, ‘அவன்’ போன்ற மாற்றுப்பெயராக இருந்தால் பொதுவாகக் கோடு இல்லை: “யா ஸ்துத்யேந்த்”. எதிர்மறை ‘நெ’ வந்தாலும் வழக்கமாகக் கோடு போடுவதில்லை.

சிறுகோடு சொல்லுக்குள் வருவது, இடைவெளி இல்லை. ‘ரஷ்ய மொழியில்’ என்பதற்கான ‘பொ-ரூஸ்கி’யில் சிறுகோடு கட்டாயம், அதுவும் சிற்றெழுத்தில். ‘யாரோ’ என்ற பொருளில் வரும் ‘க்தோ-தொ’வும் அப்படியே. மொழிப் பெயர், மாதப் பெயர், கிழமைப் பெயர் எதற்கும் ரஷ்யத்தில் பேரெழுத்து இல்லை. ஆங்கிலம் படித்த கை இங்கே தானாகத் தவறு செய்யும்.

மேற்கோள் « » வடிவில், அதற்குள் இன்னொன்று வந்தால் „ “ வடிவில். முற்றுப்புள்ளி மூடும் மேற்கோளுக்கு வெளியே நிற்கும். வினாவும் உணர்ச்சியும் சேர்ந்தால் வினா முதலில்: ?! வினாக்குறியோடு தொடர்புள்ளி சேர்ந்தால் அதற்குப் பின் இரண்டே புள்ளி: ?.. பின்னத்துக்குக் காற்புள்ளி: மூன்றரை என்பது 3,5. பத்தாயிரத்தில் காற்புள்ளி இல்லை, இடைவெளி: 10 000.

‘நீங்கள்’ என்பதைப் பேரெழுத்தில் தொடங்க வேண்டுமா?
— மருத்துவ மாணவர், குர்ஸ்க்

ஒரே ஒருவருக்கு மரியாதையாக எழுதும் கடிதத்தில், மின்னஞ்சலில் ‘வீ’ என்பதைப் பேரெழுத்தில் தொடங்கலாம். பேராசிரியருக்கு அப்படி எழுதுவது நல்ல பழக்கம். ஒரு குழுவை நோக்கி எழுதும்போது சிற்றெழுத்துத்தான். வகுப்புக் குழுவில் எல்லோரையும் பேரெழுத்தில் விளிப்பது மரியாதை ஆகாது, பிழைதான்.

ரஷ்ய நண்பர்கள் வாக்கியக் கடைசியில் வெறும் பிறை அடைப்புக்குறியை ‘))’ என்று போடுகிறார்களே?
— கல்லூரி மாணவி, திருச்சி

அது புன்னகை. ‘(’ என்றால் வருத்தம். கண்களுக்கான முக்காற்புள்ளி ரஷ்யப் பலகையில் ஷிஃப்ட் 6-இல் இருப்பதால் அதை விட்டுவிட்டார்கள் என்று சொல்வார்கள். நண்பர்களுக்கு எழுதும்போது அதுவே வாக்கிய முடிவாகவும் நிற்கும், முற்றுப்புள்ளி சேர்ப்பதில்லை. ஆசிரியருக்கோ அலுவலகத்துக்கோ எழுதும்போது தவிர்த்துவிடுங்கள்.

பிழைதிருத்தும் கருவிகளை நம்பலாமா? தினமும் என்ன பயிற்சி செய்வது?
— வாசகர், சேலம்

இல்லாத சொல்லைக் கருவி பிடிக்கும். ‘அபஸ்தாயு’ என்று அடித்தால் சிவப்புக் கோடு வரும். ஆனால் மென்குறி உள்ளதும் இல்லாததும் இரண்டுமே உண்மையான சொற்கள் என்றால் எளிய திருத்தி வாய் திறக்காது. ‘ச்தோபி’யைச் சேர்த்து எழுதுவதா பிரிப்பதா என்பதும் அப்படியே. யாந்தெக்ஸ் ஸ்பெல்லர் என்ற பிழைதிருத்தி எழுத்துப்பிழைக்கு உதவும், காற்புள்ளியை உங்கள் கண்தான் பார்க்க வேண்டும். சொல்லின் அழுத்தத்தையும் எழுத்துக்கூட்டையும் உறுதிசெய்ய கிராமொதா.ரு தளம் 2000-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. பல அகராதிகளில் ஒரே நேரத்தில் தேடலாம், ஐயங்களுக்கு விடை தரும் பகுதியும் உண்டு.

பயிற்சி: ஐந்தாறு வாக்கியமுள்ள ஒலிப்பதிவு ஒன்றை எடுத்து, வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்திக் கையால் எழுதுங்கள். மூலத்தோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு பிழைக்கும் பக்கத்தில் காரணத்தை ஒரு சொல்லில் குறியுங்கள்: ‘உயிர்’, ‘ஈற்று மெய்’, ‘மென்குறி’, ‘துணைவாக்கியம்’ என்று. இரண்டு வாரத்தில் எந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்த்து அதை மட்டும் படியுங்கள். செய்தி அனுப்புவதற்கு முன் இரண்டு தடவை படியுங்கள்: ஒரு தடவை எழுத்துக்கு, ஒரு தடவை குறிகளுக்கு. இரண்டையும் ஒரே பார்வையில் பார்த்தால் குறிகள் தப்பிவிடும்.

பலரோடு சேர்ந்து எழுத விரும்பினால் ‘முழு டிக்டேஷன்’ இயக்கம் இருக்கிறது. 2004-இல் நொவொஸிபிர்ஸ்க் பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கியது. ஆண்டுக்கு ஒரு நாள், வயது வரம்பில்லாமல் யாரும் எழுதலாம், ரஷ்யாவுக்கு வெளியிலும் நடக்கிறது.

பழைய ரஷ்ய நூலின் படத்தில் சொல்லுக்குச் சொல் கடைசியில் வன்குறி இருக்கிறது. இப்போது அப்படி எழுதலாமா?
— ஓய்வுபெற்ற நூலகர், தஞ்சாவூர்

எழுதக்கூடாது. மெய்யில் முடியும் சொற்களுக்கெல்லாம் கடைசியில் வன்குறி போடும் வழக்கம் 1918-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தோடு நீங்கியது. ‘யாத்’ உள்ளிட்ட சில எழுத்துகளும் அப்போதுதான் போயின. இன்று வன்குறி சொல்லின் நடுவே, முன்னொட்டுக்குப் பின் பிரிப்பாக மட்டும் வரும்: ‘பொத்-யேஸ்த்’ (கட்டட வாசல்) என்பதில் ‘த்’துக்கும் ‘யே’வுக்கும் இடையில். ‘கொம்மெர்ஸாந்த்’ நாளிதழின் பெயர்ப் பலகையில் கடைசி வன்குறியைப் பார்க்கலாம். அது பழமையை நினைவூட்ட வேண்டுமென்றே வைத்த எழுத்து.